அழாத குட்டி

நான்காவது குட்டி அழவில்லை.

மற்ற மூன்றையும் சிவக்கொழுந்து பிடரித் தோலில் பிடித்துத் தூக்கியபோது ஒவ்வொன்றும் தன் உடம்புக்குத் தகாத பெரிய குரலில் கத்தி, நான்கு கால்களையும் உதைத்து, சிமியோனின் வளவு முழுவதையும் இரண்டாக்கிவிட்டது. நான்காவது மட்டும் பிழிந்த துணியைப் போல அவள் கையில் தொங்கியது. வாய் சற்றுத் திறந்திருந்தது. கீழ்த்தாடையிலிருந்து எச்சில் ஒரு நூலாக இறங்கி, அறாமல், அவள் மணிக்கட்டில் வந்து ஒட்டியது. கண்கள் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இதுதான்" என்றாள் சிவக்கொழுந்து.

அவள் பார்த்து எடுத்த கத்தரிக்காயில் புழு இருந்ததாகச் சுன்னாகம் சந்தையில் எவரும் சொன்னதில்லை. அவளுடைய தகப்பன் மாட்டுக்குச் சுழி பார்ப்பதில் பேர்போனவர். மகளுக்கு அந்தக் கண் வந்திருந்தது, கூடவே அந்தத் தலைக்கனமும் வந்திருந்தது. நாய்க்குட்டிக்கு அவர் வைத்த சோதனை ஒன்றே ஒன்றுதான். பிடரியில் தூக்கினால் அழுகிற குட்டி கோழை, அழாத குட்டி காவல். அவர் செத்து ஐந்து வருடமாகியும் அந்தச் சோதனையில் பிழை கண்டவர் இல்லை.

நாய் வேண்டுமென்று எழுதியவர் கணவர் கனகசபாபதி. மலாயாவில் ரயில்வே எழுத்தர். மூன்று வருடத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்கு வருவார். மூத்தவள் அருந்ததிக்குப் பதினொரு வயது, சின்னவன் சீவரத்தினத்துக்கு ஏழு. பள்ளிக்கூடம் விட்டுப் பனங்காணிக்குள்ளால் தனியே வருகிற பிள்ளைகளுக்கு ஒரு துணை வேண்டும், பெரிய நாய் சின்னவனை விழுத்திப்போடும், சின்னச் சாதியாகப் பார்த்து எடு என்று எழுதியிருந்தார். பிள்ளைகள் பத்திரமா என்று கேட்காமல் அவர் ஒரு கடிதத்தையும் முடித்ததில்லை. அந்த ஒரு கேள்விக்குத் தனி ஆளாகப் பதில் சொல்ல வேண்டியவள் அவள்.

அதற்காகத்தான் பிள்ளைகளையும் மாட்டு வண்டிலில் ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைப் பக்கம் வந்திருந்தாள். சிமியோன் அங்கே ஒரு பங்களாவில் துரைக்குச் சமைத்தவர். துரை கப்பலேறிய போது, முழங்கால் உயரம்கூட இல்லாத தன் வெள்ளை நாயை அவரிடம் விட்டுப் போனார். அது போட்ட குட்டிகள்தான் இவை. தாய் நாய் கோழிக்கூட்டுக்குப் பின்னால் மண்ணைத் தோண்டி அந்தக் குழிக்குள் கிடந்தது. குட்டிகள் அத்தனை கத்துக் கத்தியும் அது தலையை நிமிர்த்தவில்லை. கழுத்தில் மயிரில்லாத தழும்பு ஒன்று பளபளத்தது. போன மாதம் நரி கடித்தது, இப்போது சுகம் என்றார் சிமியோன். அவருடைய மனைவி மரியநாயகி, நாய் இரண்டு நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று சொல்லத் தொடங்கிக் கணவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். சிவக்கொழுந்து எல்லாவற்றையும் கவனித்தாள். கவனித்துவிட்டுக் குட்டியின் நகங்களை எண்ணினாள். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது சீவரத்தினம் குட்டியைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். அது வெள்ளையாயும் சிறியதாயும் இருந்ததால் அருந்ததி அதற்குச் சீனி என்று பேர் வைத்தாள்.

"ஏனம்மா இது அழேல்லை?" என்று கேட்டான் அவன்.

"நல்ல குட்டி அழாது, ராசா."

அவன் அதை மனதில் போட்டுக்கொண்டான். ஏழு வயதில் தாய் சொன்னதெல்லாம் வேதவாக்கு.

அது முப்பத்தாறாம் ஆண்டு புரட்டாதி. சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. பகல் முழுவதும் பனைகள் காய்ந்த ஓலைகளை உரசி இரைந்தன, வேலிக் கிடுகுகள் படபடத்தன, கிணற்றடியில் துலா காற்றுக்கே முனகியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் வீட்டில் சிவக்கொழுந்தும் குட்டியும்தான். நடு அறையில் ஆளுயர நெற்பெட்டகம் ஒன்று உண்டு, நான்கு குட்டைக் கால்களில் நிற்பது. அதன் கீழே ஒரு சாண் இருட்டு. குட்டி வந்த அன்றே அதற்குள் புகுந்துகொண்டது. சிரட்டையில் வைத்த பால் ஏடு கட்டிப் புளித்தது. தண்ணீர்ச் சிரட்டையில் எறும்பு மிதந்தது. புது இடம், பழக நாள் எடுக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் சிரட்டையைக் கழுவி மறுபடி வைத்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் குசினியில் அம்மியடியில் இருந்தபோது அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. கறக். கொஞ்சம் பொறுத்து, கறக். எலி அரிசி கொறிப்பதைவிடக் கனமான சத்தம், கல்லைப் பல்லில் வைத்துக் கடிப்பது மாதிரி, இடைவெளி விட்டு, அவசரமே இல்லாமல். கூட்டு அரைத்த கையோடு எழுந்து போய்க் குனிந்து பார்த்தாள். இருட்டில் இரண்டு கண்கள். பெட்டகத்தின் கால் ஒன்று பாதி அரிபட்டிருந்தது. மரச்சிலும்புகளை ஈர்க்கால் இழுத்து எடுத்தாள். அவற்றில் இரத்தம் பட்டிருந்தது. சிலும்புகளோடு ஒரு சின்னப் பல்லும் வந்தது.

பால் பல் விழுகிறது என்று நினைத்துக்கொண்டாள். நினைக்க வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் பேட்டுக்கோழி ஒன்று கிணற்றடியில் கிடந்தது. தலை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம். தின்னவில்லை, தூக்கிப் போகவுமில்லை, வெறுமனே கிழித்துப் போட்டிருந்தது. கீரிதான் என்றாள். ஆறாம் நாள் இரண்டு கோழிகள். ஏழாம் நாள் கட்டிநின்ற ஆட்டுக்குட்டியின் மூக்கு பிய்ந்து தொங்கியது. ஆடு கத்திய கத்தில் பக்கத்து வளவுக் கதிரவேலு வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினார். அந்த மனிதர் எதையும் நேரே சொல்லிப் பழகாதவர். காற்றைப் பற்றிச் சொன்னார், வெங்காயத்தைப் பற்றிச் சொன்னார். போகும்போதுதான் பெட்டகத்துப் பக்கம் நாடியால் காட்டினார்.

"உது வாயை மூடுதில்லை. கவனிச்சனியோ பிள்ளை?"

அவள் கவனித்திருந்தாள். வந்த நாள் தொட்டுக் கவனித்திருந்தாள். ஆனால் பிழையான குட்டியை எடுத்துவிட்டேன் என்று வாய் திறந்து சொல்வதற்கு அவளுடைய நாக்கு வளையவில்லை. தகப்பன் பேர் இருக்கிறதே. பிள்ளைகள் வேறு அதன்மேல் உயிராய் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தால் வந்ததும் வராததுமாகச் சின்னவன் பெட்டகத்தடியில் குப்புறப் படுப்பான். அவன் கை நீட்டினால் மட்டும் அது வரும். பிடரியில் தூக்கிப் பார்த்து, அழுகிறதில்லை பார் அக்கா என்று தமக்கைக்குக் காட்டுவான். பிறகு சட்டைக்குள் விட்டுக்கொண்டு திரிவான். இரண்டு நாள் பார்க்கலாம் என்று விட்டாள்.

ஒன்பதாம் நாள் வெயில் உச்சியில் நின்றபோது படலையைத் தள்ளிக்கொண்டு சிமியோன் வந்தார். தோளில் சால்வை இல்லை. வலக்கையில் துணி சுற்றி, அதற்கு மேலால் இரத்தம் ஊறிக் காய்ந்திருந்தது. இடக்கையில் ஒரு கொட்டன் தடி. அதன் நுனியில் வெள்ளை மயிர் ஒட்டியிருந்தது.

"தாய்க்கு விசர், தங்கச்சி" என்றார். "உங்கடை குட்டி எங்கை?"

மிச்சத்தை மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். தாய் நாய் குழியை விட்டு எழும்பி மரியநாயகியின் கெண்டைக்காலைக் கவ்வியது. விடுவிக்கப் போன அவருடைய கையையும் கிழித்தது. அதை அடித்துப் போட்டார். மூன்று குட்டிகளையும் ஒவ்வொன்றாய் அடித்துப் போட்டார். இருவரும் அடுத்த நாள் விடியற் கோச்சியில், முதல் ரயிலில், கொழும்புக்குப் போகிறார்கள். அங்கே தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவார்கள், போட்டால் தப்பலாம். போடாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அது சிவக்கொழுந்துக்குத் தெரியும். போன வருடம் விசர்நாய் கடித்த வெங்காய வண்டில்காரன் ஒருவனை நாலு பேர் சேர்ந்து வண்டிற் சில்லோடு கயிற்றால் கட்டியதை அவள் கண்ணால் கண்டவள். தண்ணீர்ச் செம்பைக் கண்டதும் அவன் தொண்டை துடித்ததும், கட்டோடு கிடந்து மூன்றாம் நாள் செத்ததும் ஊருக்கே தெரியும்.

பெட்டகத்தடியில் கொட்டனை விட்டுக் குடைந்தார் சிமியோன். சத்தமில்லை. மறுபடி குடைந்தார். அது வெளியே வந்தது.

ஒரு முழ நீளம்கூட இல்லாத குட்டி. வாயிலிருந்து நுரையும் இரத்தமும் வழிந்தன. குரைக்கவில்லை, உறுமவில்லை. கொட்டனை ஒரே கவ்வாகக் கவ்வி, கவ்வியபடியே அதன் வழியாக ஏறிக் கையை நோக்கி வந்தது. சிமியோன் உதறினார். உதவிக்குக் காயம்பட்ட வலக்கை வழங்கவில்லை. கொட்டன் விழுந்தது. குட்டி தரையில் விழுந்து, திரும்பி, சிவக்கொழுந்தைப் பார்த்தது.

மூலையில் உலக்கை இருந்தது. எடுத்ததை அவள் அறியாள். முதல் அடி முதுகில் விழுந்தது. பின்னங்கால்கள் இரண்டும் செத்துப்போக, முன்னங்கால்களால் இழுத்து இழுத்து அவளை நோக்கியே வந்தது. இரண்டாவது அடி தோளில். அப்பவும் வந்தது. மூன்றாவது அடியில் தலை நிலத்தோடு நிலமாய்ப் போனது. அதன் பிறகும் அவள் இடித்தாள், மாவுக்கு அரிசி இடிக்கிற அதே தாளத்தில், சிமியோன் வந்து உலக்கையைப் பிடிக்கும்வரை இடித்தாள். சுவரில், சேலையில், அவள் நெற்றியில் எல்லாம் தெறித்திருந்தது. கடைசி வரைக்கும் அது ஒரு சத்தம் போடவில்லை.

போகும்போது சிமியோன் ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

"பிள்ளையளை வடிவாப் பாருங்கோ. ஒரு கீறல் கண்டாலும் விடியக் கோச்சிக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

பின்னேரம் பிள்ளைகள் வந்தார்கள். சீனியைக் கதிரவேலுவின் தோட்டத்து மூலையில் எரித்தாயிற்று என்றதும் அருந்ததி விம்மினாள். சின்னவன் அழவில்லை. சிவக்கொழுந்து இருவரையும் முற்றத்து வெளிச்சத்தில் நிறுத்திக் கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், முகத்தை, காதை, விரலிடுக்கைப் பார்த்தாள். கடித்ததா என்று கேட்டாள். இல்லை என்றான் சின்னவன். அருந்ததியைக் கேட்டாள். அவள் தம்பியைப் பார்த்தாள், பிறகு நிலத்தைப் பார்த்தாள், இல்லை என்றாள். ஊசியைப் பற்றிச் சொன்னாள் சிவக்கொழுந்து, பயப்பட வேண்டாம் என்பதற்காகத்தான் சொன்னாள். பதினாலு என்று கேட்டதும் அருந்ததியின் முகம் வெளிறியது. மறுபடியும் இல்லை என்றாள்.

அடுத்த நாள் விடியப்புறம் சுன்னாகத்துப் பக்கம் கோச்சி கூவிக்கொண்டு போனது அவளுக்குக் கேட்டது. பாயில் எழுந்திருந்து, பக்கத்தில் கிடந்த இரண்டு தலைகளையும் தடவினாள். நிம்மதியாய்த்தான் இருந்தது.

கனகசபாபதிக்குக் கடிதம் எழுதினாள். குட்டி செத்துவிட்டது, பிள்ளைகள் பத்திரம்.

ஐப்பசி போனது. சிமியோனும் மரியநாயகியும் ஊசி போட்டுச் சுகமாய்த் திரும்பிவிட்டதாகத் தபாலட்டை வந்தது. கார்த்திகையில் மழை பிடித்தது, மூன்று நாள் விடாமல் பிடித்தது. வளவு முழுவதும் வெள்ளம். கூரை விளிம்பில் தண்ணீர் திரைச்சீலையாய் இறங்கியது. ஈர ஓலையின் மக்கல் மணமும் வாடைக்காற்றும் அறை அறையாகப் புகுந்தன. மழை என்றால் சீவரத்தினத்தை வீட்டுக்குள் பிடித்து வைக்க ஏலாது, கடுதாசிக் கப்பலும் கையுமாய் முற்றத்தில் நிற்பான். இந்த முறை அவன் வாசற்பக்கமே வரவில்லை. தலை இடிக்கிறது என்றான். கமக்கட்டுக்குள் ஏதோ ஊர்கிறது என்று சட்டைக்கு மேலாலேயே அக்குளைச் சொறிந்தான். தடிமன் பிடித்துவிட்டது என்று அவள் மல்லித் தண்ணி வைத்தாள்.

மூன்றாம் நாள் மைமல் பொழுது. விளக்கேற்றக் கைகால் கழுவவென்று துலாவை இறக்கினாள். வாளி கிணற்றில் தொம்மென்று விழுந்தது. வீட்டுக்குள் ஏதோ உருண்டது.

ஓடி வந்து பார்த்தாள். சின்னவன் சுவரோடு சுவராய் ஒட்டி நின்றான், இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தான். கண் அகன்றிருந்தது. ஒன்றுமில்லை ராசா, வாளிச் சத்தம் என்று சொல்லி, மூக்குப்பேணியில் மல்லித் தண்ணியை வார்த்து அவன் வாயருகே கொண்டு போனாள்.

அவனுடைய தொண்டை துடித்தது.

ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை. தோலுக்குக் கீழே ஒரு கை உள்ளிருந்து இறுக்குவது மாதிரி. அவன் பேணியைத் தட்டிவிட்டான். தண்ணீர் அவன் காலில் சிந்தியது. காலைச் சுட்டுவிட்டது போல் துள்ளிப் பின்வாங்கினான். வாய் சற்றுத் திறந்திருந்தது. கீழுதட்டிலிருந்து எச்சில் ஒரு நூலாக இறங்கியது. அறாமல் இறங்கியது.

அந்த நூலை அவளுக்குத் தெரியும்.

அருந்ததியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். இந்த முறை பெண் ஒளிக்கவில்லை. கடித்தது, கமக்கட்டுக்குள், சட்டைக்குள் வைத்திருக்கும்போது கடித்தது, வந்து ஏழாம் நாள். சுண்ணாம்பு வைத்துப் பூசினேன், ஆறிவிட்டது. பதினாலு ஊசி போட்டால் தம்பி செத்துப் போவான் என்று பயந்தேன். இதையெல்லாம் அழுகைக்கும் மழைக்கும் நடுவில் சொன்னாள். சிவக்கொழுந்து அவளை அடிக்கக் கை ஓங்கினாள். கை இறங்கவில்லை. கதிரவேலு அண்ணையைக் கூட்டிக்கொண்டு வா என்றாள். பெண் பொட்டுக்குள்ளால் புகுந்து ஓடியபிறகுதான், கதிரவேலு வந்தால் என்ன கொண்டு வருவார் என்பது அவளுக்கு நினைவு வந்தது. வண்டில்காரனைக் கட்டிய நாலு பேரில் அவரும் ஒருவர்.

திரும்பினாள். சுவரடியில் சின்னவன் இல்லை.

விளக்கு ஏற்றவில்லை. அறை இருண்டிருந்தது. மழை இரைந்தது. மழைக்குக் கீழே, மெல்ல, அவசரமில்லாமல், ஒரு சத்தம்.

கறக்.

அவள் நின்றாள்.

கறக்.

நிலத்தில் குப்புறப் படுத்துப் பெட்டகத்தின் கீழே பார்த்தாள். ஒரு சாண் இருட்டு. ஏழு வயதுப் பிள்ளை அதற்குள் எப்படிப் போனான் என்று அவளுக்கு விளங்கவில்லை. இரண்டு கண்கள். நாய் அரித்த அதே காலில் அவன் பல் இருந்தது.

"ராசா. அம்மாவட்டை வா."

சத்தம் நின்றது. பிறகு குரல் வந்தது. கரகரத்த, தேய்ந்த, அவனுடையதல்லாத குரல்.

"நான் அழேல்லை, அம்மா."

அவள் பெட்டகத்துக்கு இன்னும் கிட்டமாய் நகர்ந்தாள்.

"அது கடிக்கேக்கை நான் அழேல்லை. நல்ல குட்டி அழாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அவள் கையை உள்ளே நீட்டினாள். அவன் கை நீட்டியபோது குட்டி வந்ததே, அந்த நினைப்பில்தான் நீட்டினாள். விரல் அவன் கன்னத்தில் பட்டது. கன்னம் கொதித்தது. தடவினாள். அவன் முகத்தைத் திருப்பி அவள் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டான், பால்குடிக் காலத்தில் வைத்தது போல. மூச்சு சுட்டது.

பிறகு பல் இறங்கியது.

கைப்பெருவிரலின் அடிச் சதையில். இறங்கியது. நிற்கவில்லை. எலும்பில் முட்டியது. அவள் உடம்பு முழுவதும் வில்லாய் வளைந்தது. கத்த வாய் திறந்தாள்.

படலை திறபட்டது.

வெள்ளத்தில் கால்கள். இரண்டு பேர் இல்லை, நாலைந்து பேர். கிடுகு இடுக்கால் அரிக்கன் லாம்பின் வெளிச்சம் சுவரில் ஆடியது. ஈரக் கயிற்றை யாரோ தோளிலிருந்து இறக்கி நிலத்தில் போட்டார்கள். பொத்தென்று விழுந்தது.

திறந்த வாயை மூடினாள்.

"பிள்ளை," என்றார் கதிரவேலு வாசலில் நின்று. "பெடியன் எங்கை?"

பெட்டகத்தடியில் பல் இன்னும் ஆழமாய் இறங்கியது. சூடாய் ஏதோ அவள் முழங்கை வழியே வழிந்து, நிலத்தில் பரவி, சேலையை நனைத்தது. கன்னத்தை நிலத்தோடு வைத்துக்கொண்டாள். மற்றக் கையை உள்ளே விட்டு, மெல்ல, மிக மெல்ல அவன் தலையைத் தடவினாள்.

"நித்திரையாயிட்டான், அண்ணை" என்றாள். குரல் எப்போதும் போலவே இருந்தது. "சத்தம் போடாதேங்கோ."

லாம்பு வெளிச்சம் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது. மழை ஒரு கணம் ஓய்ந்தது. அந்த அமைதியில் வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

கறக்.